தேர்வு கேட்காத திறன்

இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் எழுத்துக் குறி இருக்கும். மாணவர் அந்த விஷயத்தை அறிந்திருந்தால் போதுமா, எப்படிச் செய்வது என்று சொல்லத் தெரிய வேண்டுமா, ஆசிரியர் முன்னால் செய்து காட்ட வேண்டுமா, யார் துணையும் இல்லாமல் தாமே செய்து முடிக்க வேண்டுமா என்பதை அந்தக் குறி சொல்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்து காட்டிய கூம்பிலிருந்து எடுத்த படிகள் இவை. அடியில் அறிவு, உச்சியில் செயல். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அந்தத் தொகுதிகளில் உச்சிப் படியின் குறியைப் பெற்றவை மிகக் குறைவு. மற்றவை எல்லாம் அறிவது, சொல்வது, காட்டுவது என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. தாமே செய்யும் பயிற்சிக்குக் கடைசி ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் காலம் இருக்கிறது என்பது திட்டம் எழுதியவர்களின் கணக்கு. அந்த ஓராண்டு என்ன ஆகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

திட்டத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. 1997 விதிமுறைகளுக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக எம்.பி.பி.எஸ். படிப்பு அடிப்படையில் மாறாமல் இருந்தது. 2019 ஆகஸ்டில் சேர்ந்த மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய திட்டம், மருத்துவராகப் போகிறவர் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கிப் பாடங்களைப் பின்னோக்கி அடுக்கியது. முதல் மாதம் அறிமுகப் பயிற்சி. உடற்கூறியல் படிக்கும் முதலாண்டிலேயே நோயாளியைச் சந்திக்க வாய்ப்பு. ஒரே நோயைப் பல துறையினர் சேர்ந்து நடத்தும் ஒருங்கிணைந்த வகுப்பு. நோயாளியிடம் பேசுவது, ஒப்புதல் பெறுவது, மரணச் செய்தியை உறவினருக்குச் சொல்வது ஆகியவற்றுக்குத் தனி ஏடு. மாணவர் விரும்பிய துறையைத் தேர்ந்து பயில இரண்டு மாதம். காகிதத்தில் பார்த்தால், எந்த நாட்டு நல்ல மருத்துவப் பள்ளியும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக் கூடிய திட்டம்தான்.

ஆனால் மாணவரின் நேரத்தைப் பாடத்திட்டம் ஆள்வதில்லை. அவர் அடுத்து எழுதப் போகும் தேர்வு ஆள்கிறது. ஆசிரியரின் நேரத்தையும் பாடத்திட்டம் ஆள்வதில்லை. வெளிநோயாளிப் பிரிவின் வரிசையும், ஆய்வுக் குழுவுக்குக் காட்ட வேண்டிய பதிவேடுகளும் ஆள்கின்றன. இந்தியாவில் மருத்துவக் கல்வியை நவீனப்படுத்துவது என்ற பெயரில் ஏடுகளையும் கட்டடங்களையும் கருவிகளையும் புதுப்பித்துவிட்டு, இந்த இரண்டு நேரங்களையும் தொடாமல் விட்டிருக்கிறோம் என்பதே என் வாதம்.

சீர்திருத்தம் என்ற சொல்லே மருத்துவக் கல்வியில் ஓர் அமெரிக்கரை நினைவுபடுத்தும். ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் மருத்துவர் அல்ல, பள்ளி ஆசிரியர். கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்வையிட்டு 1910-இல் அறிக்கை தந்தார். பல பள்ளிகள் கட்டணம் வசூலிக்கும் கடைகளாக இருந்தன. ஆய்வகம் என்று காட்டிய அறைகளில் உருப்படியான கருவிகள் இல்லை. மாணவர்கள் நோயாளியைத் தொடாமலே பட்டம் பெற்றார்கள். அவர் முன்வைத்த இலக்கணம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். 1893-இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் சேரவே ஒரு பட்டம் வேண்டும். ஆய்வகமும் மருத்துவமனையும் பள்ளியின் கையில் இருந்தன. வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை வார்டுக்குள் அழைத்துப் போய்க் கட்டிலருகில் நிறுத்திக் கற்பித்தார். அறிக்கை வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்கப் பள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தரம் கூடியது உண்மை. கறுப்பின மாணவர்களுக்காக அப்போது இருந்த ஏழு பள்ளிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின என்பதும் உண்மை. ஏழைகளுக்கும் பெண்களுக்கும் இருந்த வாசல்களும் குறுகின. தரத்தை உயர்த்தும் எந்த விதியும் யாரையாவது வெளியே நிறுத்துகிறது. அது யார் என்று விதி எழுதும்போது யாரும் கேட்பதில்லை.

இந்தியாவில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது, ஆனால் கேட்டவர்கள் சிறுபான்மையினர். ஜோசப் போர் தலைமையில் 1943-இல் அமைந்த சுகாதார ஆய்வுக் குழு 1946-இல் அறிக்கை தந்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர்கள் 47,524 பேர். இவர்களில் பட்டதாரிகள் 17,654 பேர்தான். மீதி 29,870 பேர் எல்.எம்.பி. எனப்பட்ட குறுகிய காலப் படிப்பு முடித்தவர்கள். சிற்றூர்களில் மருத்துவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. குழு ஒரே தரமான ‘அடிப்படை மருத்துவர்’ போதும் என்றது; உறுப்பினர்களில் சிலர் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்கள். எல்.எம்.பி. படிப்பு போயிற்று.

வேலூரில் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்காகத் தொடங்கியதும் எல்.எம்.பி. பள்ளிதான். 1930-களின் பிற்பகுதியில் மெட்ராஸ் மாகாண அரசு அந்தப் படிப்புக்கு முடிவு கட்டியபோது, பள்ளியை மூடுவது அல்லது பட்டக் கல்லூரியாக்குவது என்ற இரண்டே வழிகள் அவர் முன் இருந்தன. எழுபது வயதை எட்டியிருந்த அந்த அம்மையார் அமெரிக்காவுக்குப் போய் நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது, 1947-இல் ஆண்களும் சேர்ந்தார்கள். இன்றைய சி.எம்.சி. அப்படிப் பிறந்தது. அதே விதியின் கீழ் மூடப்பட்ட பிற பள்ளிகளைப் பற்றி யாரும் நூல் எழுதுவதில்லை. எழுபது ஆண்டு கழித்து, மருத்துவக் கவுன்சிலுக்கு மாற்றாக வந்த 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் தன் 32-ஆம் பிரிவில் சமூக சுகாதார வழங்குநர் என்ற பெயரில் ஓர் இடைநிலை மருத்துவப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தர வழி செய்தது. முன்வாசலில் அனுப்பி வைத்தவரைப் பின்வாசலில் அழைப்பது இது. மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. அந்தக் கோபத்தில் 1946-இன் நினைவு எங்கும் இல்லை.

போர் குழு வேறொன்றையும் சொன்னது. மருத்துவர் சமூகத்தைப் படிக்க வேண்டும். கல்லூரிதோறும் நோய்த்தடுப்பு, சமூக மருத்துவத் துறை வேண்டும். துறைகள் வந்தன. 1975-இல் ஸ்ரீவஸ்தவ் குழு, மருத்துவக் கல்வி மக்களின் தேவையிலிருந்து விலகி நிற்கிறது என்று மீண்டும் சொன்னது. 1977-இல் ஒவ்வொரு கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் சுகாதாரப் பொறுப்பை ஏற்கும் திட்டம் வந்தது. நடமாடும் மருத்துவமனை வண்டிகள் வந்தன. சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் பெயரளவுக்கு ஆயிற்று. 2022-இல் மீண்டும் ஒன்று வந்திருக்கிறது: ஒவ்வொரு மாணவரும் முதலாண்டிலேயே கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்பு முடியும்வரை அவர்களின் உடல்நலத்தைக் கவனிக்க வேண்டும். வேலூர் மாணவர்கள் முதலாண்டில் கிராமத்தில் தங்கி வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பழக்கம் இதற்கு வெகு முன்பே உண்டு. அங்கே அது ஓரளவு வேரூன்றியதற்குக் காரணம், அந்த ஊர்களில் கல்லூரிக்கு நிரந்தரமாக ஒரு சமூக மருத்துவமனையும், பல பத்தாண்டுகளாக அந்தத் தெருக்களில் நடமாடும் செவிலியர்களும் இருப்பது. பேருந்தில் 150 மாணவர்களை ஏற்றிப் போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு மாலையில் திரும்பும் கல்லூரியில், தத்தெடுக்கப்பட்ட குடும்பத்துக்கு மாணவரின் பெயர்கூடத் தெரியப் போவதில்லை.

2019-இன் திட்டத்துக்கு நேர்ந்த முதல் விபத்து கொரோனா. புதிய திட்டத்தின் முதல் அணி ஏழு மாதம் படித்திருந்தபோது கல்லூரிகள் மூடப்பட்டன. முதலாண்டிலேயே நோயாளியைச் சந்திப்பது என்ற திட்டத்தின் அடையாளமான அம்சம் கைபேசித் திரைக்குள் போயிற்று. மாதக்கணக்கில் மனித உடலை அறுத்துப் பார்க்காமல், காணொளியில் உடற்கூறியல் படித்தவர்கள் அவர்கள். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது அடுத்து வந்ததை. விட்டுப்போன வார்டுப் பயிற்சியை எப்படி மீட்பது என்பதைவிட, தள்ளிப்போன தேர்வுகளை எப்படி விரைந்து நடத்தி முடிப்பது என்பதே பெரிய கவலையாக இருந்தது.

இங்கே ஹவுஸ் சர்ஜன் ஆண்டுக்கு வருவோம். பழைய வழக்கில் ஹவுஸ் சர்ஜன், இப்போதைய வழக்கில் சி.ஆர்.ஆர்.ஐ. எப்படிச் சொன்னாலும், மருத்துவர் உருவாகும் ஆண்டு அதுவே என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இன்று அந்த ஆண்டை இரண்டு சக்திகள் இரண்டு பக்கம் இழுக்கின்றன. அரசு மருத்துவமனைக்கு அவர் மலிவான ஊழியர்: ரத்தம் எடுக்க, மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டு ஓட, ஸ்கேன் அறை வாசலில் நோயாளியுடன் காத்திருக்க, டிஸ்சார்ஜ் தாள் எழுத. நுட்பத் திறன் சிலவற்றை இந்த ஓட்டத்தில் அவர் கற்றுக்கொள்கிறார் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நோயாளியைப் பரிசோதித்து, நோயை ஊகித்து, அந்த ஊகம் சரியா என்று மூத்தவரிடம் விவாதிக்கும் வேளை அதில் எப்போதாவதுதான் வாய்க்கிறது. மறுபக்கம் முதுநிலைப் படிப்புக்கான நீட்-பி.ஜி. நுழைவுத் தேர்வு நிற்கிறது. 200 கொள்குறி வினாக்கள், மூன்றரை மணி நேரம். ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதுகிறார்கள். முதுநிலை இடங்கள் 2024-இல் சுமார் 70,000 இருந்தன; அவற்றில் விரும்பிய துறை, நல்ல கல்லூரி, கட்டக் கூடிய கட்டணம் ஆகிய மூன்றும் பொருந்தும் இடங்கள் மிகச் சொற்பம். ஆகவே டியூட்டி அறையில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்து கைபேசிச் செயலியில் வினாக்களுக்குக் குறியிடும் காட்சி எந்த மருத்துவக் கல்லூரிக்கும் புதிதல்ல. அந்த மாணவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. தம் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது எது என்று அவர் சரியாகவே கணித்திருக்கிறார்.

மண்ணீரல் வீக்கத்தைத் தொட்டு உணரத் தெரியாதவரும், மண்ணீரல் வீக்கத்தின் இருபது காரணங்களை அறிந்தால் அந்தத் தேர்வில் வெல்லலாம். செய்த பயிற்சிகளைப் பதியும் லாக் புக்கில் ஆசிரியரின் கையெழுத்து இருக்கும். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு எந்த மதிப்பெண்ணும் முதுநிலைச் சேர்க்கையில் கிடையாது. பாடத்திட்டம் கேட்கும் திறனைத் தேர்வு கேட்பதில்லை. இரண்டும் முரண்படும்போது மாணவர் தேர்வின் பக்கம் போவதில் வியப்பில்லை.

செயல்முறைத் திறனைச் சோதிக்க வழியே இல்லையா என்றால், வழி அரை நூற்றாண்டாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் ஒரு முறையை வெளியிட்டார். மாணவர்கள் மணியடிக்க மணியடிக்க ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வார்கள். ஓரிடத்தில் நெஞ்சொலி கேட்க வேண்டும், ஓரிடத்தில் எக்ஸ்ரே படிக்க வேண்டும், ஓரிடத்தில் நோயாளியாக நடிப்பவரிடம் வரலாறு கேட்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் பட்டியல். தேர்வாளரின் மனநிலைக்கும் மாணவரின் அதிர்ஷ்டத்துக்கும் இடம் குறைவு. நம் கல்லூரிகளும் இதை உள்மதிப்பீட்டில் பயன்படுத்துகின்றன. பல்கலைக்கழக இறுதித் தேர்விலோ ஒரு நீண்ட கேஸ், சில குறுகிய கேஸ், வாய்மொழித் தேர்வு என்ற பழைய வழியே இன்னும் பெரும்பங்கு வகிக்கிறது. தேர்வு நாளில் வரவழைக்கப்படும் நோயாளிகளில் சிலர் ஆண்டுதோறும் வருபவர்கள். தம் இதய வால்வில் எந்தக் கோளாறு என்று பதற்றத்தில் இருக்கும் மாணவருக்கு அவர்களே மெல்லச் சொல்லிக் கொடுப்பதுண்டு. அந்த இரக்கத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ‘நெக்ஸ்ட்’ என்ற பொது வெளியேறும் தேர்வை முன்வைத்தது. இறுதியாண்டுத் தேர்வு, உரிமத் தேர்வு, முதுநிலை நுழைவுத் தேர்வு மூன்றுக்கும் அது ஒன்றே. 2023-இல் வந்த விதிகளின்படி ஹவுஸ் சர்ஜன் ஆண்டுக்குப் பிறகு செயல்முறைப் பகுதி ஒன்றும் உண்டு. அந்த ஆண்டு ஜூலைக்கு அறிவித்த மாதிரித் தேர்வே நிறுத்தி வைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு நெக்ஸ்டை எதிர்த்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் உரிமை போகும், பயிற்சி மையங்கள் கொழிக்கும் என்ற வாதங்களில் நியாயம் உண்டு. ஆனால் எதிர்ப்புக்குப் பின் எஞ்சுவது இப்போதுள்ள கொள்குறித் தேர்வுதானே? செயல்முறைத் தேர்வை மாநிலப் பல்கலைக்கழகமே நேர்மையாக நடத்தி, அதன் மதிப்பெண்ணுக்குச் சேர்க்கையில் இடம் கேட்டிருந்தால் அது வலுவான மாற்றாக இருந்திருக்கும். அப்படி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பயிற்சி வசதிகளில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் திறன் ஆய்வகம். புதிய விதிகள் இதைக் கட்டாயமாக்கின. ஊசி போடப் பிளாஸ்டிக் கை, பிரசவம் பார்க்க ரப்பர் இடுப்பு, நெஞ்சை அமுக்கி உயிர் மீட்கப் பழக ஒரு பொம்மை. அந்தப் பொம்மையைச் செய்தவர் நார்வேயின் ஆஸ்முண்ட் லேர்டால். விளையாட்டுப் பொம்மைகள் செய்துகொண்டிருந்தவர், 1960-இல் இதைக் கொண்டுவந்தார். நோயாளியின் உடலில் முதல் தவற்றைச் செய்யாமல் பொம்மையில் செய்வது அறநெறிப்படியும் சரி. குறை பொம்மையில் இல்லை, கதவில் இருக்கிறது. திறன் ஆய்வகத்துக்குத் தனி ஆசிரியர் இல்லாத இடங்களில் அது ஆய்வுக் குழு வரும் நாளில் திறந்து, மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் அறையாகிவிடுகிறது. கருவி வாங்க ஒருமுறை செலவழித்தால் போதும், அது கணக்கில் ஏறும், படம் எடுக்கலாம். ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டும்.

விரிவாக்கத்தின் வேகம் இந்தக் குறையைப் பெரிதாக்கியிருக்கிறது. 2014-க்கு முன் நாட்டில் 387 மருத்துவக் கல்லூரிகள். பத்தே ஆண்டில் 780-ஐ எட்டின. எம்.பி.பி.எஸ். இடங்கள் 51,348-இலிருந்து 1.15 லட்சத்தைத் தாண்டின. தமிழ்நாட்டில் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன, 1,450 இடங்களுடன். அரியலூர், கள்ளக்குறிச்சி, ராமநாதபுரம் போன்ற மாவட்டங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, நெஞ்சுவலிக்கு மதுரைக்கோ தஞ்சைக்கோ ஆம்புலன்ஸில் போனவர்களுக்குத் தெரியும். இந்தக் கல்லூரிகள் தேவையில்லை என்று சென்னையில் உட்கார்ந்து எழுதுவது எளிது. அவை தேவை. ஆனால் கட்டடம் எழுவதற்கு இரண்டு ஆண்டு போதும். உடலியங்கியலுக்கோ நோய்க்குறியியலுக்கோ ஒரு நல்ல பேராசிரியர் உருவாகப் பதினைந்து ஆண்டாவது வேண்டும். ஆய்வுக் குழு வரும் சமயத்தில் ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியர்களை இன்னொரு கல்லூரிக்கு மாற்றிக் காட்டுவதும், தனியார் கல்லூரிகளில் சம்பளப் பட்டியலில் மட்டும் வாழும் ஆசிரியர்கள் இருப்பதும் இந்தத் துறையில் எல்லாரும் அறிந்த ரகசியங்கள். ஆதார் வழி வருகைப் பதிவு வந்தது இதைத் தடுக்கத்தான். அது ஆசிரியர் வந்தாரா என்று சொல்லும், கற்பித்தாரா என்று சொல்லாது.

கற்பிப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் பழையதே. புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் 1970-களிலேயே வந்துவிட்டது. கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் 2007 முதல் ஃபைமர் பயிற்சித் திட்டம் நடக்கிறது. 2019-க்கு முன்னதாக மருத்துவக் கவுன்சில் நாடெங்கும் ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தியது. அவற்றில் கலந்துகொண்டவர்கள் உற்சாகத்தோடு திரும்பினார்கள். திரும்பியதும் எதிரே நின்றது அதே வெளிநோயாளி வரிசை. ஒரு யூனிட்டில் இருபது மாணவர்கள், மூன்று ஆசிரியர்கள், காலையில் இருநூறு நோயாளிகள் என்றால் கட்டிலருகே நின்று ஒரு மாணவர் பரிசோதிப்பதைப் பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்துத் திருத்த எவரால் முடியும்? கையெழுத்துப் போட முடியும். லாக் புக் அப்படித்தான் நிரம்புகிறது.

பாடத்தின் உள்ளடக்கம் எப்படி மாறுகிறது என்பதற்கு 2024-இல் நடந்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று தேசிய மருத்துவ ஆணையம் திருத்திய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சட்டம் சார்ந்த மருத்துவப் பகுதியில் ஒருபால் உறவு இயற்கைக்கு மாறான குற்றங்களின் பட்டியலில் திரும்பி வந்திருந்தது. கன்னித்தன்மை பற்றிய பழைய பாடங்கள் திரும்பியிருந்தன. மாற்றுத்திறனாளிகள் குறித்த பயிற்சி காணாமல் போயிருந்தது. கண்டனம் எழ, செப்டம்பர் 5 அன்று நெறிகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு வாரத்தில் திருத்தப்பட்டு வந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், 2021-இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதே பாடங்களை மாற்றச் சொல்லியிருந்தார். ஆணையமும் கல்லூரிகளுக்கும் நூலாசிரியர்களுக்கும் அறிவுறுத்தல் அனுப்பியிருந்தது. மூன்று ஆண்டுக்குள் தன் சொல்லைத் தானே மறந்த அமைப்பு அது. பழைய பாடநூலிலிருந்து பத்தியை எடுத்து ஒட்டும் வழக்கம் மாணவருக்கு மட்டும் உரியதல்ல போலும்.

ஆராய்ச்சிக்கு வருவோம். இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்கள் 2005 முதல் 2014 வரை வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளைச் சமீரன் நந்தியும் அவர் குழுவினரும் எண்ணிப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். 332 நிறுவனங்களிலிருந்து அந்தப் பத்து ஆண்டில் ஒரு கட்டுரைகூட வரவில்லை. ஆண்டுக்கு நூறுக்கு மேல் தந்தவை 25 மட்டுமே. மொத்தத்தில் 40 விழுக்காடு அவற்றுடையது. இந்த எண்களைப் பார்த்ததும் பணமும் கருவியும் இல்லை என்ற பதில்தான் உடனே வரும். அது பாதிப் பதில்.

1985-இன் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி நிர்மலாவிடம் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பைத் தந்தார்: எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா? அப்போது இந்தியாவில் ஒரு நோயாளியும் கண்டறியப்பட்டிருக்கவில்லை. அது மேலைநாட்டு ஒழுக்கக் கேட்டின் நோய் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரி வேண்டும். சென்னையில் அதற்கென ஒரு தெரு இல்லை. பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்த பெண்களிடம் பேசி, அவர்கள் வழியாக அரசுக் காப்பகத்தை அறிந்து, கணவரின் ஸ்கூட்டரில் போய் மாதிரிகளைச் சேகரித்தார் நிர்மலா. பிரித்தெடுத்த ரத்த நீர் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்தது. சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால், 1986 பிப்ரவரியில் அவற்றை வேலூர் சி.எம்.சி.க்கு, ஜேக்கப் ஜானின் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அது உறுதியாயிற்று. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேட்டு வேலையில் தெரியவந்தது.

இதை ஏழ்மையின் புகழ்பாடலாக யாரும் வாசிக்கக் கூடாது. தொற்றுள்ள ரத்தம் வீட்டுப் பெட்டியில் இருந்தது ஆபத்து. இன்றைய நெறிக்குழு அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. கவனிக்க வேண்டியவை வேறு. கேள்வி உண்மையானது. விடை தெரியாமல் கேட்கப்பட்டது. வழிகாட்டி மாணவியைத் தனியே விடவில்லை. 140 கிலோமீட்டர் தொலைவில் இருந்த இன்னொரு கல்லூரியின் ஆய்வகம் கதவைத் திறந்தது.

எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் இன்றும் ஆய்வேடு எழுதுகிறார்கள். ஆண்டுக்குப் பல்லாயிரம் ஆய்வேடுகள். பெரும்பாலானவை விடை தெரிந்த கேள்வியை ஐம்பது நோயாளிகளிடம் மறுபடி கேட்டு, புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அட்டவணை வாங்கி, தடித்த அட்டை போட்டு நூலகத்தில் அடுக்கப்படுபவை. ஆசிரியரின் பதவி உயர்வுக்குக் கட்டுரை கட்டாயம் என்று விதி வந்ததும் இன்னொரு சந்தை பிறந்தது: பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள். கட்டுரைகளின் எண்ணிக்கை கூடியது, அறிவு அதே விகிதத்தில் கூடவில்லை.

ஆராய்ச்சி மெலிந்ததற்கு இன்னொரு காரணம் அமைப்பில் இருக்கிறது. ஃபிளெக்ஸ்னர் போற்றிய பள்ளியில் வார்டும் ஆய்வகமும் வகுப்பறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இந்தியா சிறந்த ஆராய்ச்சியைக் கல்லூரிக்கு வெளியே தனி நிறுவனங்களில் வைத்தது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மருந்து தந்து குணப்படுத்தலாம் என்று 1959-இல் காட்டி, உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது. அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. முதுநிலை மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டாயம் முடிக்க வேண்டிய ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தை இணையவழியில் நடத்துவதே அந்த நிறுவனம்தான். சென்ட்ரல் எதிரே இருக்கும் மருத்துவக் கல்லூரி மாணவருக்கு இரண்டும் பேருந்து தூரம். ஆனால் அவரது படிப்பில் அங்கே போய் ஆறு மாதம் வேலை செய்ய இடமில்லை. ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் இளநிலை மாணவர்களுக்கு இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. இந்தத் துறையில் சத்தமில்லாமல் நடக்கும் மிக நல்ல காரியம் அதுவாக இருக்கலாம். ரோட்டா வைரஸ் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையில் 6,799 குழந்தைகள் பங்கேற்றபோது டெல்லி, புனேயுடன் வேலூரும் ஒரு களமாக இருந்தது. அங்கே கல்லூரியும் ஆய்வகமும் ஊரும் பிரியாமல் இருந்ததால் அது முடிந்தது.

இரண்டு அண்மை விதிகள் இந்தப் பிரிவினையைக் கொஞ்சம் உடைக்கக் கூடும். முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்பது 2021-இல் சேர்ந்தவர்களிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கற்பிக்கும் தகுதி இல்லாதவையாகக் கருதப்பட்டு வந்த, 220 படுக்கைக்கு மேற்பட்ட அரசு மருத்துவமனைகளில் பத்தாண்டு அனுபவம் பெற்ற நிபுணர்கள் நேரடியாக இணைப் பேராசிரியராகலாம் என்று 2025-இல் விதி தளர்ந்தது. பல பேராசிரியர்கள் இதைத் தரக் குறைப்பு என்று எதிர்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாவட்ட மருத்துவமனையில் பத்து ஆண்டு பிரசவம் பார்த்த ஒருவருக்கு, மாணவர் கூம்பின் உச்சிப் படியில் செய்ய வேண்டிய காரியங்கள் எல்லாம் கைவந்தவை. அவருக்கு இல்லாதது கற்பிப்பதற்கான நேரம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அவர் நோயாளி பார்ப்பதிலிருந்து விடுபட்டு மாணவரோடு நிற்கலாம், அந்த மணி நேரத்தில் வரிசையை யார் பார்ப்பார்கள், அதற்கு எத்தனை பணியிடம் கூடுதலாக வேண்டும் என்பதை விதி சொல்லவில்லை. நிதித்துறையிடம் கேட்க வேண்டியது அதைத்தான். அடுத்த தொகுதிப் பாடத்திட்டம் அச்சாவதற்கு முன் கேட்டால் நல்லது.